உலையில் வெந்த மண்

நான் என்ன ஆராய்ச்சி செய்கிறேன் என்று தாராவியில் எங்கள் சந்துக்காரர்கள் யார் கேட்டாலும் அம்மாதான் முந்திக்கொண்டு பதில் சொல்வாள். "மண்ணாராய்ச்சி. வெளிநாட்டு மண்ணு." அதோடு பேச்சு முடிந்துவிடும். உள்ளூரில் மண்ணுக்கா பஞ்சம் என்று யாராவது மேலே கேட்டால் அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிடுவாள். எனக்கும் அந்தக் கேள்வி பல வருடங்கள் உறைக்கவில்லை.

செம்பூரிலிருந்து டிராம்பே போகிற வழியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை, தங்குவதும் அங்கேயே விடுதியில். கிரேக்க நாட்டுக் கடற்கரை ஒன்றிலிருந்து மண் மாதிரிகள் பொட்டலம் பொட்டலமாக வரும். பழங்காலத்தில் வெள்ளி எடுத்த இடம் அது. அங்கே வெள்ளி தனியாகக் கிடைக்காது, காரீயத்தோடு கலந்துதான் கிடக்கும். அடிமைகளைச் சுரங்கத்துக்குள் இறக்கித் தோண்டினார்கள். மலையிலிருந்த மரத்தையெல்லாம் வெட்டிக் கரியாக்கி உலைக்குப் போட்டார்கள். வெள்ளியை எடுத்துக் காசு அடித்தார்கள், கப்பல் கட்டினார்கள், உலகமே வாயைப் பிளந்து பார்க்கும்படி ஒரு நகரத்தை எழுப்பினார்கள். கழிவுக் காரீயத்தை அப்படியே அந்தக் கடற்கரை மண்ணில் விட்டுவிட்டுப் போனார்கள். அந்தக் கசடின் மேல்தான் இன்றைக்கு ஒரு ஊர் இருக்கிறது. பள்ளிக்கூடம், பேக்கரி, கால்பந்து மைதானம் எல்லாம் உண்டு. கிரேக்கர்கள் தங்கள் மண்ணை என்ன செய்தார்கள், அந்த மண் இப்போது அவர்களை என்ன செய்கிறது என்பதுதான் என் படிப்பு, என் வேலை, என் சோறு.

மாதிரிகளை அனுப்புகிறவள் அந்த ஊர்க்காரி, என் வயதுதான். வீடியோவில் பேசும்போது அவளுக்குப் பின்னால் வீட்டு வாசல் தெரியும். வாசலுக்கு வெளியே செருப்புகள் வரிசையாகக் கிடக்கும். நீங்களும் எங்களைப் போலச் செருப்பை வெளியில்தான் விடுவீர்களா என்று ஒருமுறை சந்தோஷமாகக் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. தெருத் தூசி வீட்டுக்குள் வரக் கூடாது, வீட்டில் குழந்தை தவழ்கிறது என்றாள். எனக்கு அது அன்றைக்கு ஒரு தகவல். எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

இதெல்லாம் நடக்கும்போது என் தங்கை கழிமுகத்துக்கு அந்தப் பக்கம், கோபர்கைரனேயில் புகுந்த வீட்டில் மாசமாக இருந்தாள். கல்யாணமாகி வெகுநாள் தங்காமல், தங்கியது இரண்டு முறை கலைந்து, கடைசியில் தங்கிய பிள்ளை. அவள் மாடிப்படியில் கால் வைத்தாலே அம்மாவுக்கு இங்கே தாராவியில் நெஞ்சு அடிக்கும். மூத்தவள் எனக்குக் கல்யாணம், பிள்ளை என்று எந்த உத்தேசமும் கிடையாது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆகவே எங்கள் குடும்பத்தின் மொத்த ஆசையும் அவள் வயிற்றில்தான் இருந்தது.

ஏழாம் மாதம் வளையல் போட்டுத் தாய்வீட்டுக்கு அழைத்துவர வேண்டும், தலைப்பிரசவம் அங்கேதான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ரயிலேறி வந்து இரண்டு தலைமுறை ஆகியும் இதில் மட்டும் எங்கள் ஆட்கள் ஒரு அங்குலம் நகரவில்லை. கோபர்கைரனேயில் லிஃப்ட் வைத்த பில்டிங், காற்று வருகிற இரண்டு அறை, கீழேயே மருந்துக்கடை. தாராவியில் கோலி என்று சொல்லும் ஒற்றை அறை, மேலே ஏணி வைத்து ஏறும் மச்சு, சந்துக்குள் வெயில் எட்டிப் பார்த்தாலே அதிசயம். "அவ அங்கேயே இருக்கட்டும்மா, நீ போய்ப் பாத்துக்கோ" என்று நான் சொன்னதற்கு அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சம்பந்தி வீட்டுல போயி உக்காந்து மவளுக்குப் பேறுகாலம் பாக்கச் சொல்லுதியா? ஊரு என்னத்தால சிரிக்கும்? ஒன் ஆராய்ச்சிய லேபோட வச்சுக்கோ."

வந்தாள். கை நிறைய கண்ணாடி வளையல், கால் வீக்கம், முகத்தில் ரத்தமே இல்லை. வந்த அன்று சாயங்காலம் குயவர்கள் இருக்கும் கும்பார்வாடா பக்கம் பானைச் சூளை மூட்டினார்கள். புகையோடு சுட்ட மண் வாசனை சந்துக்குள் இறங்கியதும் இவள் எழுந்து உட்கார்ந்தாள். அந்த வாசனைக்குத்தான் இத்தனை மாதமாக ஏங்கிக் கிடந்தாளாம். கோபர்கைரனேயில் பூந்தொட்டியை உடைத்துத் தின்றிருக்கிறாள், மாமியாருக்குத் தெரியாமல்.

எங்கள் ஆட்களுக்கு இது புதிது ஒன்றுமில்லை. மாசமான பெண்கள் சாம்பல் தின்பார்கள், திருநீறு தின்பார்கள், பானை ஓடு தின்பார்கள். ஆசைப்பட்டதைக் கொடுக்காவிட்டால் பிறக்கிற பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும் என்று அம்மா சத்தியமாக நம்புகிறவள். குயவர் வீட்டுப் பெண்களிடம் சொல்லி உடைந்த ஓடு வாங்கி வந்து, கழுவிக் காயவைத்து, ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டுத் தலைமாட்டில் வைத்தாள். எங்கள் பிரசவ டாக்டர் மாட்டுங்காவில் இருந்தாள், பாலக்காட்டுக் குடும்பத்துப் பெண்மணி. ரத்தம் குறைந்தால்தான் மண்ணாசை வரும் என்று திட்டிவிட்டு இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தாள். தங்கை மாத்திரையையும் தின்றாள், ஓட்டையும் தின்றாள்.

நான் சத்தம் போட்டேன். அதற்கு அம்மா எடுத்து வீசிய ஆயுதம் என்னுடையதே. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், கிரேக்கத் தீவு ஒன்றில் மலையிலிருந்து மண்ணெடுத்து வில்லை வில்லையாகத் தட்டி, மேலே முத்திரை குத்தி, விஷமுறிவுக்கும் வயிற்றுக் கோளாறுக்கும் மருந்தாகத் தின்றார்கள் என்று பெருமையாகச் சொல்லியிருந்தேன். அவள் அதை மறக்கவே இல்லை.

"நீதானட்டி சொன்ன? எவ்வளவு அறிவாளி பொறந்த ஊரு! அங்கேயே சீல் குத்தித் தின்னுருக்கான். இவ நாலு துண்டு ஓடு தின்னா ஒனக்கு வயிறு எரியுதாக்கும்."

சுட்ட ஓடு பெரிய தீங்கு ஒன்றும் செய்துவிடாது, மாத்திரை உள்ளே போகிறவரைக்கும் சரி என்று நான் விட்டுவிட்டேன். பிறகு மழை பிடித்துக்கொண்டது. லேபில் வேலை குவிந்தது, தண்டவாளத்தில் தண்ணீர், சில வாரம் தாராவிப் பக்கமே போக முடியவில்லை. போனில் தங்கையின் குரல் சோர்ந்துகொண்டே வந்தது. வயிற்றைப் பிடித்து இழுக்கிறது என்றாள், தலைவலி என்றாள், மலம் போகவில்லை என்றாள். "மாசமானவளுக்கு இதெல்லாம் இல்லாம என்ன?" என்று அம்மா பின்னாலிருந்து குரல் கொடுத்தாள்.

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். தங்கை சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். முகம் சாம்பல் பூத்திருந்தது. மடியில் அந்த டப்பா. என்னைப் பார்த்ததும் திருட்டுச் சிரிப்பு சிரித்தாள்.

"கத்தாதக்கா. நீயும் ஒரு துண்டு தின்னு பாரு. பானை ஓட்ட விட இது எவ்வளவோ நல்லாருக்கு. லேசா இனிக்கி."

எனக்குக் கத்தத் தெரியும். சந்தே கூடுகிற மாதிரி கத்துவேன், அதற்குப் பெயர் வாங்கியவள். அன்றைக்கு டப்பாவிலிருந்து ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். மண் இனிக்காது. இத்தனை வருடம் மண்ணோடு கிடந்தவள் சொல்கிறேன், மண் துவர்க்கும், புளிக்கும், கரிக்கும். நாக்கில் இனிக்கிற மண் எனக்குத் தெரிந்து ஒன்றுதான்.

"அம்மா, இது எங்க உள்ளது?"

"கும்பார்வாடாவுல மழைக்குச் சூளை மூட்டலட்டி. ஓடு தட்டுப்பாடு. நம்ம சந்து முனையில பேட்டரி பட்டறை இருந்துச்சுல்லா, அவன் காலி பண்ணிட்டுப் போயிட்டான். உலைய இடிச்சுப் போட்டிருந்தான். செவசெவன்னு நல்லா வெந்த மண்ணு, அள்ளிட்டு வந்தேன்."

"பேட்டரி உருக்குன உலையாம்மா?"

"எதை உருக்குனா என்ன? தீயில வெந்த மண்ணுல என்னத்த அழுக்கு தங்கும்? அதையும் நல்லா அலசி, தோசக்கல்லுல ஒரு பெரட்டு பெரட்டித்தான் வச்சிருக்கேன். ஒன்ன மாதிரி இல்ல, எனக்கும் சுத்தம் தெரியும்."

அந்தப் பட்டறையை எனக்கு நன்றாகத் தெரியும். பழைய பேட்டரியை உடைத்துக் காரீயத்தை உருக்கி வார்ப்பார்கள். நாக்கில் இனிப்பது அந்தக் காரீயம்தான். புது பில்டிங் கட்டுவதற்காகச் சந்து முழுவதையும் அளக்க ஆட்கள் டேப்போடு வர ஆரம்பித்ததும், வீடு போகும் கடை போகும் என்று பேச்சு கிளம்பியதும், அவன் முதல் ஆளாக மூட்டை கட்டிவிட்டான். அந்த உலைச் சுவர் எத்தனை வருடம் காரீயப் புகையைக் குடித்திருக்கும்! என் தங்கை அதைத் துண்டு துண்டாகக் கடித்துத் தின்றிருக்கிறாள். தீ எல்லாவற்றையும் சுத்தமாக்கிவிடும் என்று என் அம்மா வளர்ந்த நம்பிக்கையில் நானும்தான் வளர்ந்தேன். அந்த உலைக்குள் தீயே விஷத்தை மண்ணுக்குள் ஏற்றியிருந்தது.

லேபில் காட்ட வேண்டும் என்று சொல்லி டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தேன். சந்து முனையில் குவியல் இல்லை, மழையும் முனிசிபாலிடி லாரியும் அள்ளிப் போயிருந்தன. தேவ்நார் குப்பைமேட்டில் கொட்டியிருப்பார்கள். உலைச் செங்கல் மட்டும் தண்ணீர் உள்ளே வராமலிருக்க நான்கைந்து வாசல்களில் படியாகக் கிடந்தது. ஈரம் ஊறும், சிமெண்டு பூசிவிடுங்கள் என்று ஒவ்வொரு வாசலாகச் சொல்லிக்கொண்டு போனேன். காரணம் சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் காலையில் முதல் வேலை அதுதான். மண்ணின் மேல் வைத்து விசையை அழுத்தினால் என்னென்ன உலோகம் எவ்வளவு இருக்கிறது என்று திரையில் காட்டும் ஒரு கைக்கருவி எங்களிடம் உண்டு. பார்ப்பதற்குத் துப்பாக்கி மாதிரி இருப்பதால் பெயரும் துப்பாக்கிதான். கிரேக்கக் கசடைச் சுட்டுச் சுட்டு எனக்குக் கை பழகியிருந்தது. அம்மாவின் டப்பாவிலிருந்த ஒரு துண்டை வைத்துச் சுட்டேன். நம்பாமல் இன்னொரு துண்டைச் சுட்டேன். அந்தக் கடற்கரையிலிருந்து வந்த எந்தப் பொட்டலத்திலும் நான் இப்படி ஒரு காரீயத்தைப் பார்த்ததில்லை. தோளுக்குப் பின்னால் நின்ற சகா திரையைப் பார்த்து விசில் அடித்தான். "யே கிஸ் பிட் கா சாம்பிள்? லேபிள் கிதர் ஹை?" எந்தக் குழியில் எடுத்த மாதிரி, லேபிள் எங்கே என்கிறான்.

"என் அம்மாவின் அடுக்களை" என்று தமிழில் சொன்னேன். அவனுக்குப் புரியவில்லை.

கிரேக்கத் தோழியைக் கூப்பிட்டேன். வேலைக்காக இல்லாமல் அவளை நான் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. சொல்லி முடித்ததும், எத்தனையாவது மாதம் என்று கேட்டாள். எட்டு நடக்கிறது என்றேன். அவள் வீட்டுக் குழந்தை ஏதோ உளறும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு எனக்கும் தெரிந்ததைத்தான் சொன்னாள். உடம்பு காரீயத்தைச் சுண்ணாம்புச்சத்து என்று ஏமாந்து எலும்புக்குள் சேர்த்துவைக்கும். தாயின் எலும்பிலிருந்து பிள்ளைக்கு எலும்பு கட்டும்போது, அதையும் சேர்த்தே எடுத்துக் கொடுக்கும். அது பிள்ளையின் மூளையையும் நரம்பையும் மந்தமாக்கும். இதை நான் எத்தனை கட்டுரைகளில் எழுதியிருக்கிறேன்! அவள் வைத்ததும் மாட்டுங்கா டாக்டருக்குப் போன் போட்டுத் தங்கைக்கு ரத்தம் எடுக்கச் சொன்னேன்.

மாட்டுங்கா டாக்டர் ரத்தப் பரிசோதனை முடிவைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

"மண்ணுன்னா பானை ஓடுன்னுதானே நான் நெனச்சுண்டிருந்தேன். இப்படியொண்ணுன்னு என்னண்ட யாரும் சொல்லலையே கொழந்தே."

"பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்லா டாக்டர்?" என்றாள் தங்கை.

டாக்டர் அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். "சுண்ணாம்புச் சத்தும் இரும்பும் கூட்டித் தரேன். அந்த எடத்துல இனி இருக்கப்படாது. பொறக்கட்டும், பாக்கலாம். வளர வளரத்தான் தெரியும்."

டாக்ஸியில் வரும்போது தங்கை என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"அம்மாட்ட சொல்லிராதக்கா. தன் கையால குடுத்தோம்னு தெரிஞ்சா அவ செத்துருவா."

அது உண்மை. ஆகவே டாக்டர் மண்ணே கூடாதென்று சொல்லிவிட்டாள், காற்றோட்டமான இடத்தில் இருக்கச் சொல்லிவிட்டாள் என்று மட்டும் அம்மாவிடம் சொன்னோம். "அந்த டாக்டரம்மா பிள்ள பெத்தவளா, சும்மா படிச்சவளா?" என்று கேட்டாள். இரண்டு நாள் சோறு தின்னாமல் கிடந்தாள். பிறகு இட்லிக்கொப்பரை, உரல், பேறுகால மருந்துச் சாமான் என்று தாய்வீட்டையே மூட்டை கட்டிக்கொண்டு கோபர்கைரனேக்கு வந்து இறங்கிவிட்டாள். சம்பந்தியம்மாள் முகம் போன போக்கைச் சொல்லி முடியாது.

பெண் குழந்தை. எடை குறைவு. பிறந்தபோது நர்ஸ் காலைத் தட்டியும் கீச்சென்று ஒரு சத்தம் போட்டதோடு சரி. வீட்டுக்கு வந்த பிறகு அதுவும் இல்லை. பசித்தாலும் விழித்துக்கொண்டு கிடக்கும். ஈரத்திலும் கிடக்கும். பால் குடிக்கும்போது பாதியிலேயே தூங்கிவிடும். மாட்டுங்காவுக்குக் கொண்டுபோனோம். டாக்டர் குழந்தையின் கையைத் தூக்கி விட்டாள். கை துணி விழுவதுபோல விழுந்தது. ரத்தம் எடுத்தார்கள். அதிலும் காரீயம் இருந்தது. "பாக்கலாம்" என்றாள் மறுபடியும். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

அம்மாவுக்கோ பெருமை தாங்கவில்லை. பில்டிங்கில் யார் வந்தாலும் தொட்டிலைக் காட்டுவாள். "எம்பேத்தி அழவே மாட்டா. ராத்திரி பூரா ஒரு சத்தம் கெடையாது. தங்கம்!" எல்லோரும் ஆமாம் ஆமாம் என்பார்கள், தங்கள் பிள்ளைகள் ராவெல்லாம் படுத்தியதைச் சொல்வார்கள். தங்கை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். நான் பால்கனிக்குப் போய்விடுவேன். லேபில் கிரேக்கப் பொட்டலங்கள் பிரிக்காமல் கிடந்தன. அவற்றைத் தொடவே எனக்குப் பிடிக்கவில்லை.

குழந்தையைப் பார்க்கத் தாராவியிலிருந்து எதிர்வீட்டு மருமகள் வந்தாள். இரண்டு லோக்கல் ரயில் மாறி, கையில் பழமும் ஒரு சின்னக் கவுனுமாக. அவளும் மாசம்தான். வயிறு முன்னே தள்ளியிருந்தது, மற்றபடி ஒட்டி உலர்ந்திருந்தாள். உட்காரும்போது வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். சாம்பல் பூத்த அந்த முகத்தை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று நினைத்த மறுநொடி, அது அன்றைக்குச் சுவரில் சாய்ந்து கிடந்த தங்கையின் முகம் என்று பிடிபட்டது.

அவள் தொட்டிலை எட்டிப் பார்த்தாள். பிறகு வெட்கப்பட்டுக்கொண்டே அம்மாவிடம் கேட்டாள். "அத்த, நீங்க தந்த அந்த மண்ணு தீந்து போச்சு. இன்னும் கொஞ்சம் இருக்குமா? வேற எதுவும் வாய்க்குப் பிடிக்கல."

"அய்யோ, இருந்ததுல பாதிய ஒனக்குத்தானே தந்தேன்! மீதிய எம்பெரிய மவ லேபுக்குத் தூக்கிட்டுப் போயிட்டா" என்றாள் அம்மா. "நீ தெம்பா இரு. இந்தா பாரு, அதத் தின்னு பெத்த பிள்ள. அழவே மாட்டா."

நான் தங்கையைப் பார்த்தேன். சொல்லாதே என்று என்னைக் கட்டிப்போட்டவள் அவள்தான். அவள் கட்டிலிலிருந்து எழுந்து வந்து அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இனி அதத் தொடாத. அது விஷம்."

"என்னட்டி சொல்லுத?" என்றாள் அம்மா.

"விஷம்மா. காரீயம் உருக்குன மண்ணு. என் ரத்தத்துல இருக்கு, இவ ரத்தத்துலயும் இருக்கு. டாக்டருக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியும். ஒனக்குத் தெரியக் கூடாதுன்னு நான்தான் சொல்ல விடல." மூச்சு வாங்கியது அவளுக்கு. பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்பினாள். "நீ வீட்டுக்குப் போகாத. இங்கேயிருந்து நேரா அக்காகூட மாட்டுங்கா போ. இன்னைக்கே ரத்தம் குடு."

அந்தப் பெண் வயிற்றைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்தாள். சம்பந்தியம்மாள் உள்ளேயிருந்து என்ன என்ன என்று ஓடிவந்தாள். நான் செருப்பைத் தேடினேன், பையைத் தேடினேன், டாக்டரின் நம்பரைப் போட்டேன். அம்மா கத்துவாள், மாரில் அடித்துக்கொள்வாள், என் படிப்பைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அம்மா தொட்டிலோரம் போனாள். இத்தனை கூச்சலுக்கும் அசையாமல் கண்ணைத் திறந்துகொண்டு கிடந்த குழந்தையை நின்று பார்த்தாள். குனிந்தாள். அதன் உள்ளங்காலை விரலால் லேசாகக் கிள்ளினாள். கொஞ்சம் பொறுத்து அழுத்திக் கிள்ளினாள்.

"அழுட்டி" என்றாள். "ஒரே ஒரு தடவ அழுட்டி, என் தங்கம்."

குழந்தை அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.